டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஒன்பது விசாரிப்புகள்

கல்பாக்கத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ நள்ளிரவில் ஒருவர் உயிருக்குப் போராடினால் முதலில் 108-க்குப் போன் போகும். அணுசக்தித் துறைக் குடும்பங்களுக்கு நகரியத்திலேயே மருத்துவமனை உண்டு. சுற்றுவட்டார மக்களுக்கு நிலைமை மோசமென்றால், ஆம்புலன்ஸ் திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடி 'செங்கல்பட்டு ஜி.எச்.' வாசலில் போய் நிற்கும். 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை வாசலிலேயே பார்த்து, ஆபத்தின் அளவுக்கேற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுவார்கள்.

ஈ.சி.ஆரில் பைக்கிலிருந்து விழுந்தவர் வீடு திரும்பும்போது கையில் ஒரு சீட்டு இருக்கும்; தையல் பிரிக்க எப்போது வரவேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு மாத்திரையும் அடுத்த செக்கப் தேதியும் கிடைக்கும். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முயன்று, சிவப்புப் பிரிவில் இரண்டு நாள் கிடந்து பிழைத்து எழுந்தவருக்கு என்ன கிடைக்கிறது? விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஒரு பதிவு, போலீஸ்காரரின் கேள்விகள், சொந்தக்காரர்களின் "இனிமே இப்படிப் பண்ணாதே". உடம்பு தேறியதும் அனுப்பிவிடுகிறோம். ஆனால் அவரைத் துரத்திய கடனும் குடும்பச் சண்டையும் தோற்றுப்போன தேர்வும் வீட்டில் அப்படியே காத்திருக்கின்றன. ஒருமுறை முயன்று பிழைத்தவருக்கே மறுபடியும் ஆபத்து மிக அதிகம் என்பதும், மருத்துவமனையை விட்டுப்போன அடுத்த சில வாரங்களும் மாதங்களுமே மிகக் கவனமாக இருக்கவேண்டிய காலம் என்பதும் உலகெங்கும் திரும்பத் திரும்ப உறுதியான செய்தி. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம்.

இந்த இடைவெளியை நிரப்ப மனநலச் செயலிகளை அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களின் கையில் கொடுக்கலாமா என்று பல நாடுகளில் முயன்று பார்க்கிறார்கள். கேட்டதும் சந்தேகம் வரும். ரத்தக் கசிவை நிறுத்தவும் செயற்கைச் சுவாசம் கொடுக்கவும் இருக்கும் இடத்தில் போன் செயலி என்ன செய்துவிடும்?

பதிலுக்கு வெகுதூரம் போகவேண்டாம். சென்னையில் நடந்த ஓர் ஆய்விலேயே அதன் பெரும்பகுதி இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் 2005 வரை ஐந்து ஊர்களில் ஒரு சோதனை நடத்தியது: பிரேசிலில் கம்பினாஸ், இந்தியாவில் சென்னை, இலங்கையில் கொழும்பு, ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங். சென்னைப் பகுதியை முன்னின்று நடத்தியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் தொடங்கப்பட்ட 'சினேகா' அமைப்பின் நிறுவனர் அவர். தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். எந்தக் குழுவில் யார் என்பதை மருத்துவரோ நோயாளியோ முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலுக்கு விட்டுவிட்டார்கள். 'சமவாய்ப்பு ஆய்வு' என்பது இதுதான். மன உறுதி உள்ளவர்களும் வசதி உள்ளவர்களும் ஒரே பக்கம் குவிந்துவிட்டால், பிறகு வரும் பலன் சிகிச்சையால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று சொல்ல முடியாது. அதற்காகவே இந்தக் குலுக்கல்.

ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு கூடுதலாக, வீட்டுக்குப் போகுமுன் ஒரு மணி நேரப் பேச்சு. தற்கொலை எண்ணம் ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்யலாம், யாரிடம் போகலாம் என்பதே அந்தப் பேச்சு. அதன்பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை ஒருவர் போன் செய்தோ நேரில் போயோ விசாரிப்பார். 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களில் ஐந்து முறை. 4, 6, 12, 18-ஆம் மாதங்களில் நான்கு முறை. விசாரிப்பவர் மருத்துவராகவோ செவிலியராகவோ உளவியலாளராகவோ இருக்கலாம். புதிய மாத்திரை எதுவும் கிடையாது. 'சிறு சந்திப்பும் தொடர் விசாரிப்பும்' என்று இந்த முறையைச் சொல்லலாம்.

முடிவு 2008-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் பிறகு தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு. ஆயிரம் பேருக்கு 22 என்ற கணக்கு ஆயிரம் பேருக்கு 2 ஆகியிருந்தது.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. ஐந்து ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால், மறுபடியும் முயன்றவர்களின் விகிதம் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 7.6, 7.5 விழுக்காடு. இறப்பு குறைந்தது, முயற்சி குறையவில்லை. ஊருக்கு ஊர் வித்தியாசமும் இருந்தது. சென்னையைத் தனியாகப் பார்த்தபோது முயற்சியும் குறைந்திருந்தது. விசாரிப்பு ஒவ்வொரு இடத்திலும் எந்த வழியாக வேலை செய்கிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நமக்கென்று ஓர் ஆள் இருக்கிறார் என்ற உணர்வு, நிலைமை முற்றுமுன்பே உதவி கேட்கும் துணிவு, சரியான இடத்துக்கு வழிகாட்டல் என்று ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள்.

வெறும் விசாரிப்புக்கு அப்படி என்ன வலிமை என்று கேட்பவர்களுக்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையை விட்டுப்போய்த் தொடர் சிகிச்சையைக் கைவிட்ட 843 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஐந்து ஆண்டுகளில் 24 சிறு கடிதங்கள் போயின. நலமா, எங்களுக்கு ஒரு வரி எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவிலான கடிதங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 772 பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டில் எட்டு அஞ்சலட்டைகள் அனுப்பினார்கள். மீண்டும் முயன்ற ஆட்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. ஆனால் மொத்த முயற்சிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது.

கடிதம், அஞ்சலட்டை, போன், செயலி என்று கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. செயலி புதிதாகக் கொண்டுவருவது இன்னொன்று: நோயாளியின் 'பாதுகாப்புத் திட்டம்'.

அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கிய முறை இது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறி உச்சம் தொட்டு இறங்கும். உச்சத்தில் இருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் மனிதரால் யோசிக்க முடியாது. ஆகவே யோசனையை முன்கூட்டியே செய்து வைத்துவிட வேண்டும். கல்பாக்கம்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் ஊர்களுக்கென்று மாவட்ட நிர்வாகத்திடம் ஓர் அவசரகாலத் திட்டம் இருக்கிறது. சைரன் கேட்டால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவது, அயோடின் மாத்திரையை யார் தருவது, எந்தச் சாலையில் வெளியேறுவது என்று எல்லாமே ஒரு பிரச்சினையும் இல்லாத நாளில் உட்கார்ந்து எழுதி, ஒத்திகையும் பார்த்தவை. பதற்றத்தில் எவரும் புதிதாக யோசிக்கவேண்டி வரக்கூடாது என்பதே நோக்கம். ஒரு தனி மனிதருக்கு அப்படி ஒன்றை அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுவதுதான் பாதுகாப்புத் திட்டம்.

அதில் ஆறு படிகள். எண்ணம் வருமுன் தெரியும் அடையாளங்கள். தானே செய்து தணித்துக்கொள்ளக் கூடியவை. மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும். வாய்விட்டு உதவி கேட்கக்கூடியவர்கள். மருத்துவர், உதவி எண்கள். கடைசியாக, ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அகற்றுவது. செய்து முடிக்க 20 முதல் 45 நிமிடம் ஆகும்.

எழுத்தில் எளிதாகத் தெரியும் இந்தப் படிகள் வார்டில் எப்படி நடக்கும்? புதுப்பட்டினத்துப் பெண் ஒருவர் சிகிச்சை முடிந்து படுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். செவிலியர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். மடியில் டேப்லெட்.

"மனசு அந்த மாதிரிப் போறதுக்கு முன்னாடி உனக்கு என்னம்மா ஆகும்?"

"தூக்கம் வராது சிஸ்டர். சோறு இறங்காது. கொழந்தை கூப்பிட்டாக்கூடக் காதுல விழாது."

'மன அழுத்த அறிகுறிகள்' என்று செவிலியர் மொழிமாற்றக் கூடாது. 'குழந்தை கூப்பிட்டாலும் காதில் விழாது' என்றே முதல் கட்டத்தில் ஏறவேண்டும். அடுத்தமுறை அந்தப் பெண் தன்னை அடையாளம் கண்டுகொள்ளப் போவது அந்த வாக்கியத்தில்தான்.

"அப்போ நீயா என்ன பண்ணா கொஞ்சம் தணியும்?"

"தலைக்குத் தண்ணி ஊத்திக்குவேன். இல்லன்னா மாவு ஆட்டுவேன்."

"யார் வீட்டுக்காவது போவியா?"

"எதிர்த்த வீட்டு அக்கா வீட்டுக்கு. எதுவும் கேக்க மாட்டாங்க. டீ போட்டுக் குடுப்பாங்க."

"அவங்ககிட்ட விஷயத்தச் சொல்லலாமா?"

"ஐயோ, அக்காகிட்ட வேணாம் சிஸ்டர். சின்னம்மாகிட்டன்னா சொல்லுவேன்."

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. எதிர்த்த வீட்டு அக்கா மனதைத் திருப்புபவர். சின்னம்மா உதவிக்கு ஆள். இருவரையும் ஒரே பட்டியலில் போட்டால் நெருக்கடி நேரத்தில் அந்தப் பெண் தவறான எண்ணை அழுத்துவார், அல்லது எதையுமே அழுத்தமாட்டார். இந்த நுணுக்கத்தைக் கேட்டுப் பிரித்தெடுப்பது செவிலியரின் காது. எந்த மென்பொருளும் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

இவ்வளவும் காகிதத்திலும் செய்யலாம். முதலில் காகிதத்தில்தான் செய்தார்கள். காகிதம் பீரோவுக்குள் போய்விடும், போன் கையிலேயே இருக்கும் என்பது செயலியின் பலம். சின்னம்மா பெயரைத் தொட்டால் அழைப்பு போய்விடும். ஆஸ்திரேலியாவில் 'பியாண்ட்நவ்' என்ற செயலி 2016-இல் இதே ஆறு படிகளின் அடிப்படையில் வெளியானது.

அவசர சிகிச்சைப் பிரிவில் இந்தத் திட்டம் பலன் தருகிறதா? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒன்பது மருத்துவமனைகளில் 1,640 பேரைத் தொடர்ந்தார்கள். ஐந்து இடங்களில் பாதுகாப்புத் திட்டம் எழுதி, பிறகு போனிலும் விசாரித்தார்கள். நான்கு இடங்களில் வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் முதல் குழுவினரிடம் தற்கொலை முயற்சி சார்ந்த நடத்தை 45 விழுக்காடு குறைவு. இங்கே குலுக்கல் முறை இல்லை, மருத்துவமனைகளை ஒப்பிட்டதுதான் என்பதால் சான்றின் எடை சற்றுக் குறைவே.

2017-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு செவிலியர்களுக்கு நேரடியாகப் பாடம் சொல்கிறது. எட்டு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், 1,376 நோயாளிகளிடம் மூன்று கட்டமாக அது நடந்தது. முதலில் வழக்கமான சிகிச்சை. அடுத்து, வரும் எல்லாரிடமும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டுக் கண்டறிவது. கடைசியாக, கண்டறிவதோடு பாதுகாப்புத் திட்டமும் தொடர் போன் அழைப்புகளும். அடுத்த ஓராண்டில் மீண்டும் முயன்றவர்கள் முறையே 23, 22, 18 விழுக்காடு. கண்டறிந்ததால் மட்டும் பெரிய பயன் இல்லை. கண்டறிந்த பின் பிடித்த கையை விடாமல் இருந்ததால்தான் பயன்.

கேட்பதே அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்ற பயம் நம் வார்டுகளில் பரவலாக உண்டு. நியூயார்க் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை.

சரி, நல்ல செயலி ஒன்றை நோயாளியின் போனில் ஏற்றிவிட்டால் போதுமா? இங்கேதான் கணக்கு உதைக்கிறது.

யாருடைய துணையும் இல்லாமல் தானாகப் பயன்படுத்தும் 93 மனநலச் செயலிகளை 2019-இல் ஒரு குழு அலசியது. இறக்கி 30 நாள் கழித்தும் திறந்து பார்ப்பவர்களின் விகிதம், இடைநிலைக் கணக்கில், 3.3 விழுக்காடுதான். நூறு பேரில் மூன்று பேர். நம்பிக்கை இழந்து கிடப்பவர் எழுந்து போனைத் தேடி, செயலியைத் திறந்து, அது சொல்வதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பதில் இருக்கும் சிக்கல் இது. செயலி, தன்னைத் திறப்பதற்காகக் காத்திருக்கிறது. சென்னை ஆய்வின் விசாரிப்போ தானாகத் தேடி வந்தது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

செயலியே பலன் தந்த ஆய்வுகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 455 இளைஞர்களிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், 'லைஃப்பாய்' என்ற செயலி தற்கொலை எண்ணத்தைக் குறைத்தது. அளந்தது எண்ணத்தை; இறப்பை அளக்க இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை.

செயலி திறக்கப்படாமல் கிடப்பதைவிடக் கவலைக்குரியவை இரண்டு. தற்கொலைத் தடுப்புக்கும் மனச்சோர்வுக்குமான 69 செயலிகளைச் சோதித்த ஆய்வு ஒன்றில், ஆறு செயலிகள் தவறான அல்லது புழக்கத்திலேயே இல்லாத உதவி எண்ணைக் கொடுத்திருந்தன. அவற்றில் பத்து லட்சத்துக்கு மேல் இறக்கப்பட்டவையும் இருந்தன. மனச்சோர்வு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கான 36 முன்னணிச் செயலிகளைப் பார்த்த இன்னோர் ஆய்வில், 29 செயலிகள் பயனரின் தகவலை கூகுளுக்கோ ஃபேஸ்புக்குக்கோ அனுப்பிக்கொண்டிருந்தன. பலவற்றில் அதைப் பயனருக்குச் சொல்லவும் இல்லை. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் தகவலைக் காப்பது அவருடைய உரிமை என்கிறது. அரசு மருத்துவமனைச் செவிலியர் கைகாட்டும் செயலி அந்த உரிமையை மீறினால், நோயாளி அடுத்தமுறை வாயே திறக்கமாட்டார்.

வீட்டுக்குள்ளேயும் ஒரு சிக்கல். 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி இருப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு மட்டுமே. ஒரே போனைக் கணவர், மாமியார், பிள்ளை எல்லாரும் எடுக்கும் வீட்டில் 'அவர் குடித்துவிட்டு வந்து சத்தம் போடும்போது' என்று பதிந்த வரி புதிய சண்டையைக் கிளப்பும். எனவே செயலியை ஏற்றுமுன் செவிலியர் கேட்கவேண்டிய கேள்வி: "இந்தப் போனை வேற யாரும்மா எடுப்பாங்க?" பதிலைப் பொறுத்து, காகிதமும் சாதாரண போன் அழைப்புமே மேலான சிகிச்சையாக இருக்கலாம்.

ஆக, அவசர சிகிச்சைக்கான மனநலச் செயலி முதலில் இருக்கவேண்டிய இடம் செவிலியரின் மேசை. இன்று யாருடைய நான்காவது வாரம், யாருடைய ஏழாவது வாரம், போன வாரம் எடுக்காத எண் எது என்று அது நினைவூட்ட வேண்டும். நோயாளியின் போனில் இருப்பது அதன் இன்னொரு முனை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய வித்தை அல்ல. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 'பிக்மி' எண் கொடுத்து, தடுப்பூசி முதல் பிரசவம் வரை கிராம சுகாதாரச் செவிலியர் தேதி பார்த்துத் தொடரும் பழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. மனநலத்துக்கு மைய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது, எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 2024 அக்டோபரில் அதற்குச் செயலியும் வந்துவிட்டது. இழைகள் எல்லாம் இருக்கின்றன. அவசர சிகிச்சைப் பிரிவில் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் மேசையோடு அவற்றை முடிச்சுப் போடுவதே மிச்ச வேலை.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. அவரைத் தண்டிப்பதைத் தடுக்கிறது. அதோடு, மறுபடி முயலும் அபாயம் குறையும்படி பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் எழுதியிருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அப்படியே இடம்பெறவில்லை. கடமை தெளிவாக இருக்கிறது. அதற்கான நேரம் செவிலியருக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. நெரிசலான இரவுப் பணியில் ஒரு படுக்கைக்கு 45 நிமிடம் என்பது பெரிய ஆடம்பரம். இந்த வேலைக்கென்று ஷிஃப்டுக்கு ஒரு செவிலியரையாவது தனியாக ஒதுக்காமல் டேப்லெட்டை மட்டும் வாங்கிக் கொடுத்தால், அது பீரோவுக்குள் போகும் இன்னொரு பொருளாகிவிடும்.

செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் செயலியை நோயாளியின் போனில் ஏற்றினாலும், அதிலிருக்கும் உதவி எண்ணை முதலில் நீங்களே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மறுமுனையில் தமிழில் பேசும் குரல் கேட்டால் மட்டும் கொடுங்கள். இதைப் படிப்பவர்களில் மனம் தளர்ந்து போயிருப்பவர்கள் இன்றே பேசலாம்: டெலி மானஸ் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, சினேகா 044-24640050.